சுத்தியல் மிட்டாய்

டம்... டம்... டம்! எட்மண்ட் சுத்தியலை ஓங்கி ஓங்கிப் பலகையில் போட்டான். கட்கி பஜாருக்குப் பின்னால் வரிசையாகக் குடித்தனங்கள் இருக்கும் அந்தச் சால் முழுக்கக் கேட்டிருக்கும். கிறிஸ்துமஸ் மிட்டாய் உடைகிற சத்தம்!

ஆனால் பலகை மேல் மிட்டாய் இல்லை. மூலையில் உதடு கிழிந்து உட்கார்ந்திருந்தாள் அவன் மனைவி ஆரோக்கியமேரி.

"இனிமே சிஞ்ச்வட் ஸ்கூல்ல வேலைன்னு வாயத் திறப்பியா?"

"திறப்பேன். ஜனவரியில சேரத்தான் போறேன்."

டம்! வலது கைச் சுத்தியல் பலகையில் விழுந்தபோதே, இடது கை அவள் கன்னத்தில் விழுந்தது.

அந்த மிட்டாயை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்பெயினில் கத்தலோனியாப் பக்கத்திலிருந்து வந்த பங்குச் சாமியார். தேனும் சர்க்கரையும் பாகு காய்ச்சி, அடித்த முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து, கை கழன்று போகிறவரை கிண்டி, வறுத்த பாதாமைக் கொட்டி ஆறவைத்தால் கருங்கல்லாக இறுகிவிடும். சுத்தியல் இல்லாமல் உடையாது.

போன வருஷம் அவள் அதை உடைத்த சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டு மும்தாஜ் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். பெண்டாட்டியைப் போட்டு அடிக்கிறான் என்று நினைத்துவிட்டாளாம். மிட்டாயைக் காட்டியதும் சாலே சிரித்தது.

அந்தச் சிரிப்பில்தான் இந்த மகராசனுக்கு மூளை வேலை செய்தது. அன்று சாயங்காலமே பலகையைத் தட்டித் தட்டி அவளை அடித்தான். ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

இந்த முறை அவள் வேலைப் பேச்சை எடுத்து ஒரு வாரமாகியும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தானே, அது பெருந்தன்மை இல்லை. மிட்டாய் உடைக்கிற நாள் வரட்டும் என்றுதான்.

காலருகே இருந்த மிட்டாய் டப்பாவை எட்டி உதைத்தான். அது கடகடவென்று கதவு வரை உருண்டது. அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். ஆரோக்கியமேரி வீறிட்டாள்.

"கத்துடி! நல்லாக் கத்து! எவ வர்றான்னு பாக்கறேன்."

கதவு தட்டப்பட்டது. தட்டுவதாவது, இடிபட்டது.

எட்மண்ட் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். முகமெல்லாம் பல்லாக, சுத்தியலும் கையுமாகக் கதவைக் கொஞ்சமாகத் திறந்தான். வெளியே மும்தாஜ். பின்னால் ருக்மிணி, ரமா, இன்னும் சாலில் இருக்கிற அத்தனை பெண்களும். போன மாதம் விலைவாசி ஊர்வலத்தில் தூக்கிப் போன பூரிக்கட்டைகள் எல்லார் கையிலும் இருந்தன.

"ஒண்ணுமில்ல பாபி, மிட்டாய் உடைக்கிறோம். நாளைக்கு உங்க வீட்டுக்கும் வரும்."

மும்தாஜ் சிரிக்கவில்லை. பூரிக்கட்டையால் கதவை முழுக்கத் தள்ளினாள்.

"மிட்டாய் எங்க எல்லார் வீட்டுக்கும் நேத்தே வந்தாச்சு."