மச்சானுக்கு ஒரு கேமரா

அருண்பாண்டி கழுத்தைப் பிடித்து ஒரே திருகாகத் திருகினான். கடக்கென்று சத்தம் கேட்டது.

"போச்சா?" என்று பதறினாள் சத்யப்ரியா.

"உசுரு இருக்கு. தலைய ஆட்டுது பாரு."

தலையாட்டியது அவர்கள் வீட்டு டேபிள் ஃபேன். இறக்கையையும் கூண்டையும் கழற்றிவிட்டு, தலைமேல் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வைத்து, அதன்மேல் சின்ன வீடியோ கேமராவை சைக்கிள் டியூபால் கட்டியிருந்தான். அவனியாபுரத்தில் மிக்சி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் சும்மா.

எல்லாம் மச்சானுக்காகத்தான். இரண்டு வருடத்துக்கு முன் மூத்தவனுக்கு, தாய்மாமன் விருமாண்டி மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். வீடியோவில் அவருடைய முழங்கால் மட்டும்தான் விழுந்திருந்தது. அன்று பந்தி முடிந்ததும் சொல்லாமல் போன மனிதர், அதற்குப் பிறகு தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

"முழங்கால மட்டும் எடுத்தா எந்த மனுசனுக்குத்தான் கோவம் வராது?" என்று குடும்பமே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இப்போது பாப்பாவுக்குக் காதுகுத்து. மாமன் மடி இல்லாமல் நடக்குமா? கேமராமேனுக்கு வேண்டியவன், வேண்டாதவன் இருப்பான், ஃபேனுக்கு ஏது? அது எல்லாரையும் ஒன்றுபோலப் பார்க்கும். சத்யப்ரியா போனில் அழுதே அண்ணனை வரவழைத்துவிட்டாள்.

மண்டபத்தில் ஃபேனுக்குத்தான் முதல் மரியாதை. கேமரா அந்தப் பக்கம் போனால், அது திரும்பி வரும்வரை ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். பாப்பாகூட அது வந்த பிறகுதான் அழுதது.

"என்னப்பா, இம்புட்டு நேரம் ஓடுது, காத்தே வரல?" என்று ஒரு பெரியவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

பந்தி நடக்கிற இடத்துக்கும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினான் அருண்பாண்டி. அவன் சாப்பிடவே இல்லை.

சாயங்காலம் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தார்கள். பத்து நொடிக்கு ஒருமுறை விருமாண்டி வந்தார். மடியில் பாப்பாவோடு வந்தார், சீர்த்தட்டோடு வந்தார், கறிவாளி போகிற பக்கமே கண்ணை வைத்துக்கொண்டு இலை முன்னால் வந்தார்.

அருண்பாண்டிக்கு நிம்மதியில் கண் கலங்கிவிட்டது.

"எண்ணிட்டேன் மச்சான். நூத்திப் பதினாலு தடவ வந்திருக்கீங்க. இனிமே கோவம் இல்லையே?"

விருமாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வீடியோவுக்கு எவன் மாப்ள கோவிச்சான்?" என்றவர், தங்கச்சி பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, இந்தத் தடவையும் எனக்கு நல்லி எலும்பு வைக்கலையே."