நீலச்சட்டைக்காரர்களுக்கு வளர்த்த தாடி

"எழுந்திரிடி, எழுந்திரி! நீ உக்காந்தா நம்மாளுங்க கோட்ட வுட்டுருவானுங்க."

செவ்வந்தி அப்போதுதான் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

கண்ணாயிரம் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அரிசி டின்னில் சாய்த்து வைத்த அந்தச் சின்னத் திரைக்குள், கனடாவில், ஐஸ் ஹாக்கி ஆட்டம்; ஐஸ்மேல் மட்டையோடு ஒரு கறுப்பு வில்லையைத் துரத்தி ஆட்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். அங்கே ராத்திரி. கள்ளக்குறிச்சியில் கத்திரி வெயில் காலையிலேயே தகரக் கூரையைக் காய்ச்ச ஆரம்பித்திருந்தது.

முன்னொரு நாள் செவ்வந்தி நிலைப்படியில் நிற்கும்போது அவன் கட்சியான நீலச்சட்டைக்காரர்கள் கோல் போட்டார்கள். அன்றிலிருந்து ஆட்டம் முடிகிறவரை அவள் நிற்க வேண்டும் என்பது சட்டமாகிவிட்டது.

கண்ணாயிரம் ஐஸ் கம்பெனியில் லோடுமேன். மீசை முளைத்த நாளிலிருந்து ஐஸ் பார்களைக் கொக்கி போட்டு இழுக்கிறவன். ஐஸ் அவன் உள்ளங்கைத் தோலை உரித்திருக்கிறது. வழுக்கி விட்டு முன்பல் ஒன்றையும் வாங்கியிருக்கிறது.

அதே ஐஸ்மேல் காலில் கத்தி கட்டிக்கொண்டு ஓடி, கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிற ஒரு கூட்டம் உலகத்தில் இருப்பதைச் செல்போன்தான் அவனுக்குக் காட்டியது. உற்றுப் பார்த்தான். அவர்களில் பாதிப் பேருக்கு முன்பல் இல்லை. அந்த நிமிஷமே சொந்தமாகிவிட்டான்.

கோப்பைக்கான ஆட்டங்கள் தொடங்கிவிட்டால் அவர்கள் தாடி எடுப்பதில்லை. தோற்று வெளியே வரும்வரை, இல்லையென்றால் கோப்பையைத் தூக்கும்வரை. கண்ணாயிரமும் எடுக்கவில்லை.

தெருவுக்குத் தெரிந்த தாடி வேறு. பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷன் முகம் வழிக்கக் கூடாது.

"இன்னாடி செவ்வந்தி, உன் வூட்டுக்காரன் மூஞ்சில காடு மண்டிக்கினு கீது. வாந்தி கீந்தி உண்டா?" என்று குழாயடியில் கேட்டாள் எதிர்வீட்டுப் பெரியநாயகி.

"அட நீ வேறக்கா, அது வெள்ளக்காரனுக்கு வெச்ச தாடி."

குழாயடியே சிரித்தது. சிரிப்போடு பேச்சும் போனது. அப்புறம் யாரும் அவளைக் கேட்கவில்லை.

கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் தங்காமல் போனது. தாடி வையுங்கள் மாப்பிள்ளை என்று மணலூர்பேட்டையிலிருந்து வந்து மாமியார் கெஞ்சினாள். கண்ணாயிரம் விவரமானவன். "என் மூஞ்சி மசுருக்கும் உம் பொண்ணு வயித்துக்கும் இன்னா சம்மந்தம்?" என்று கேட்டு, மழமழவென்று வழித்துக்கொண்டு வேலைக்குப் போனான். ஆஸ்பத்திரியிலும் ரத்தம் கம்மி என்றுதான் சொன்னார்கள். தாடி கம்மி என்று யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

ஆட்டப் பைத்தியம் இந்த வருஷம் செவ்வந்திக்கும் பிடித்துவிட்டது என்பதில் கண்ணாயிரத்துக்கு ஏகப் பெருமை. எந்தச் சட்டை நம்முடையது என்றுகூட அவளுக்குச் சட்டென்று தெரியாது. ஆனால் ஆட்டம் தொடங்கும்போது சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும், "இன்னும் எத்தினி ஆட்டம் கீது?" என்று கேட்டாள். நீலச்சட்டை தோற்ற அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நடுவில் ஒருநாள் வேர்க்குரு தாங்காமல், கொஞ்சம் கத்தரித்துக்கொள்கிறேனே என்றான். அவள் அழுதேவிட்டாள். வைத்ததைப் பாதியில் விடக் கூடாது என்றாள். கம்பெனியில் இதை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான். எவன் பெண்டாட்டி இப்படி இருப்பாள்?

இன்று அரையிறுதியின் ஏழாவது ஆட்டம். ஆளுக்கு மூன்று ஜெயித்தாயிற்று. இன்று ஜெயிக்கிறவன் கோப்பைக்கு ஆடுவான், தோற்கிறவன் தாடி எடுப்பான். இரண்டு பக்கமும் இரண்டு கோல். கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இனி யார் கோல் போட்டாலும் அதோடு முடிந்தது.

கறுப்பு வில்லை எவன் காலிலோ பட்டுத் திரும்பியது. வலைக்குள் போனது. நீலச்சட்டைக்காரர்களின் வலை.

கண்ணாயிரம் செல்போனின் சத்தத்தை நிறுத்தினான்.

"இன்னாயா ஆச்சு?"

"முடிஞ்சிது."

"அடுத்த ஆட்டம்?"

"அடுத்த ஆட்டம் ஏது? வூட்டுக்குப் போறானுங்க."

எழுந்து மக்கில் தண்ணீர் மொண்டான். கூரைச் சந்தில் செருகியிருந்த ரேஸரை எடுத்தான். கண்ணாடியைச் சுவரில் சாய்த்துக் கன்னத்தில் சோப்பைத் தேய்க்கும்போது, நிலைப்படியிலிருந்து வந்த செவ்வந்தி ரேஸரை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"குடுடி. தோத்தா எடுத்துரணும், அதான் கண்டிசன்."

"அவனுங்க தோத்தா தோத்துட்டுப் போறானுங்க." அவள் குரல் ஏறவில்லை. "போன ரெண்டு வாட்டியும் நீ வழிச்சிட்ட."

செல்போனில், தோற்ற தாடிக்காரர்கள் வரிசையில் நின்று ஜெயித்த தாடிக்காரர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூஞ்சி மசுருக்கும் வயித்துக்கும் இன்னா சம்மந்தம் என்ற பழைய கேள்வி கண்ணாயிரத்தின் நாக்கு நுனிவரை வந்தது. பல் போன சந்தில் நின்றுகொண்டது.

செவ்வந்தி ரேஸரை முந்தானையில் முடிந்துகொண்டு, பழக்க தோஷத்தில், மறுபடி நிலைப்படிக்கே போய் நின்றாள்.

கன்னத்தில் சோப்பு நுரை வழிந்து தாடிக்குள் இறங்கியது.

"உக்காருடி," என்றான் கண்ணாயிரம்.