ஷீபாவின் ஃபைல்கள்

அலுவலகச் சாட்டில் யார் ஃபைல் லிங்க் போட்டாலும், அந்த ஃபைலுக்கு உரியவரின் முகம் விரிந்து அதன் சுருக்கத்தைச் சொல்லும். ஷீபா செத்து நான்கு மாதமாகியும் அவள் எழுதிய ஃபைல்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அதே அலுவலகத்தில் வேலை பார்த்த அவள் கணவன் ஜெரால்டின் திரையில் அவள் தினமும் தலையைச் சாய்த்துச் சிரித்து, "இது ரொம்ப ஈஸிதான்" என்றாள்.

அவன் சிஸ்டம் அட்மின் வேதாவிடம் போனான்.

"அவ முகம் வராம நிறுத்துங்க மேடம்."

"ஃபைல் ஓனர்தான் நிறுத்தணும்."

"ஓனர் செத்துட்டா. நீங்களும் வந்து மாலை போட்டீங்க."

"அப்ப உங்க பேருக்கு மாத்திக்கோங்க. அவங்க அக்கவுன்ட் தானா அழிஞ்சிடும்."

மாற்றிக்கொண்டான்.

மறுநாள் யாரோ அவள் எழுதிய ஃபைல் ஒன்றின் லிங்க்கைப் போட்டார்கள். இம்முறை ஜெரால்டின் முகம் விரிந்தது. தலையைச் சாய்த்துச் சிரித்து, "இது ரொம்ப ஈஸிதான். நான் எழுதினது" என்றது.

"பொண்டாட்டி உழைப்பையும் அமுக்கியாச்சா தலைவா?" என்று கீழே எழுதினான் பக்கத்து இருக்கை முருகவேள்.

ஜெரால்டு பல்லைக் கடித்துக்கொண்டு, 'எழுதினது ஷீபா' என்று தட்டினான்.

சாட் அதை அனுப்பவில்லை. பெயரின் கீழ் சிவப்புக் கோடு போட்டது. 'அப்படி யாரும் இங்கே வேலை செய்ததில்லை. திருத்தவும்.'