கழிக்காத வட்டி

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் அண்ணாச்சி சாட்சிக் கூண்டில் ஏறினார்.

கோயில் என்று நினைத்துவிட்டார் போல. வடிவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். வழக்கே அவள் மேல்தான்.

தங்கப்பழம் அண்ணாச்சி மார்க்கெட்டுக்கே வட்டிக்கு விட்டவர். ஆயிரம் கேட்டால் நூறை முதலிலேயே கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லிக்கொண்டேதான் கழிப்பார்.

வடிவிடம் மட்டும் கழிக்கவில்லை.

புருஷன் செத்துப்போன வருஷம் அது. வாழை இலைக் கடைக்கு அட்வான்ஸ் கட்டப் பணம் கேட்டாள். புரோநோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு முழுசாக எடுத்து வைத்தார்.

"வட்டிய எடுக்கலையா அண்ணாச்சி?"

அவர் டீ இருக்கிறதா என்று கேட்டார்.

அதன் பிறகு வசூல் முடிந்த சாயங்காலங்களில் அவர் வண்டி அவள் கடை முன்னால்தான் நிற்கும். இலைக்கட்டு மேல் உட்கார்ந்து, தன்னை ஏமாற்றியவர்கள் கதையை எல்லாம் சொல்வார். ஒளிந்துகொண்டவன் இருமித் தன்னையே காட்டிக்கொடுத்த கதையை எத்தனை தடவை சொன்னாலும் அவள் சிரிப்பாள். ஈர இலை வாசமும் அவர் பேச்சுமாகப் பொழுது போகும். அவள் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.

பிறகு எல்லோரும் பேப்பர் இலைக்கு மாறினார்கள். அவளால் கட்ட முடியவில்லை. அவர் கேட்கவும் இல்லை. புரோநோட்டு காலாவதியாகும் முன் புதிதாக ஒன்று எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அப்புறம் வாதம் வந்து அவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தது. பீரோவைத் திறந்து புரோநோட்டைப் பார்த்த மகன், அப்பா போட்டதாகவே அவள் மேல் வழக்குப் போட்டான்.

தோற்றால் கடை போய்விடும். அவளுக்கு வேறு சோறு கிடையாது.

வக்கீலம்மா அவளிடம் முன்பே விளக்கியிருந்தாள். லைசென்ஸ் இல்லாமல் வட்டித் தொழில் செய்தவர் கேட்கிறார் என்றால் வழக்கு செல்லுபடியாவது கஷ்டம். தெரிந்தவருக்கு வட்டியில்லாமல் கொடுத்த கைமாற்று என்றால் செல்லுபடியாகிவிடும். அதனால்தான் மகன் தரப்பில் 'நட்பின் பேரில், வட்டியின்றி' என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ஜோடிப்பு என்றாள் வக்கீலம்மா.

அந்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள் வடிவு.

இப்போது வக்கீலம்மா கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"வட்டிய முதல்லயே கழிச்சுக்கிட்டுத்தான குடுத்தீங்க?"

இல்லை என்று சொல்ல மகன் சொல்லிக்கொடுத்திருப்பான். முன் வரிசையில் அவன் தலையைக்கூட ஆட்டிக் காட்டினான்.

அண்ணாச்சி அவனைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு முறை அவளைப் பார்த்தார்.

"ஆமா. கழிச்சுத்தான் குடுத்தேன்."

நாக்கு குழறியது. எச்சிலை விழுங்கிவிட்டுத் தெளிவாகச் சொன்னார்.

"எல்லாருக்கும் போலத்தான் அந்தம்மாவுக்கும்."

மகன் விருட்டென்று எழுந்து வெளியே போனான்.

வக்கீலம்மா சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். கேஸ் முடிந்தது, நீங்கள் வாயே திறக்க வேண்டாம் என்று காதில் சொன்னாள்.

கடை பிழைத்தது. வடிவுக்குத் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய நேரம்.

ஆனால் எல்லாருக்கும் போலத்தான் என்று சொல்லிவிட்டார். அதை ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அந்தச் சாயங்காலங்கள் இல்லவே இல்லை என்று ஆகிவிடும். அவளால் தாங்க முடியவில்லை.

எழுந்துவிட்டாள். வக்கீலம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"பொய்யி ஐயா. எங்கிட்ட அவரு ஒத்த ரூவா வட்டி வாங்கினதில்ல."

"ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? வாய மூடிக்கிட்டு உக்காருட்டி!"

கூண்டிலிருந்து அண்ணாச்சி போட்ட சத்தத்தில் தட்டச்சு நின்றது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

அவள் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.