வெள்ளச்சி ஆஸ்பத்திரிக்குப் போனது

ஆராய்ச்சிக்கூடத்து எலி வெள்ளச்சியின் வயிற்றில் இருந்த புற்றுக்கட்டியை, கண்ணுக்கே தெரியாத தங்கத்துகள்கள் கரைத்துவிட்டன. இனி மனிதர்களையும் காப்பாற்றிவிடலாம் என்று, மிச்சத் துகள்கள் இருந்த குப்பியை வாலில் கட்டி இழுத்துக்கொண்டு எதிரே இருந்த ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது வெள்ளச்சி.

உள்ளே நுழைந்ததும் லிஃப்ட் மறித்தது. “மனுஷருக்குக் கொடுத்துப் பார்த்த மருந்தைத்தான் மேலே விடுவேன்.”

“மேலே விட்டால்தானே கொடுத்துப் பார்க்க முடியும்?” என்று குப்பிக்குள்ளிருந்து ஒரு துகள் கேட்டது.

“அது உங்க பாடு,” என்றது லிஃப்ட்.

வெள்ளச்சி நிமிர்ந்து நின்று தன் வயிற்றைக் காட்டியது.

“நல்ல வயிறுதான். ஆனால் எலி வயிறு.”

சக்கர நாற்காலியில் காத்திருந்த மரியபுஷ்பம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வயிற்றில் கட்டி. இருக்கிற மருந்து எதுவும் கேட்கவில்லை.

“ரொம்ப வலிச்சுதா?” என்று எலியிடம் கேட்டாள்.

“காய்ச்சல் அடிச்சது. முடி கொட்டி முளைச்சுது.”

“உன்கூட இருந்தவங்க?”

வெள்ளச்சிக்குப் பொய் சொல்லிவிடலாமா என்றிருந்தது. “எல்லாரும் பிழைக்கலக்கா,” என்றது கடைசியில்.

மரியபுஷ்பம் குனிந்து குப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “யாராவது ஒருத்தர் முதல்ல ஏறணுமில்ல. நான் ஏறுறேன்.”

உடனே கதவு திறந்தது. “வாங்கம்மா. துகளும் வரலாம்,” என்றது லிஃப்ட். “எலி படியில் வரட்டும்.”

வெள்ளச்சி சண்டை போடவில்லை. அவள் பிழைப்பாளா என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில், தன்னைவிட உயரமான முதல் படியைத் தொற்றி ஏறியது.