கொன்றவனின் உயரம்

செத்தவர்களிடம் ஊர் திரும்ப வழி கேட்பதற்காகக் கிரேக்க வீரன் ஒருவன் உயிரோடு பாதாளத்துக்கு இறங்கிப் போனான். ஆட்டு ரத்தம் குடித்தால்தான் அங்கே அவர்களுக்குப் பேச்சு வரும். குழி தோண்டி, கொண்டுபோன கிடாயை அறுத்து ரத்தத்தை ஊற்றினான். எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் வந்து குடித்தவன் தெரோன். போன போரில் இந்த வீரனின் ஈட்டிக்குப் பலியானவன். பழிவாங்கத்தான் வந்திருக்கிறான் என்று வீரன் வாளை உருவினான்.

"அத உள்ள வைங்க," என்றான் தெரோன், வாயைத் துடைத்துக்கொண்டே. "பேசாம அந்தக் கல்லு மேல ஏறி நில்லுங்க."

"எதுக்குய்யா?"

"என்னைக் கொன்னவன் பனைமர உசரம்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

வீரனுக்குக் கோபம் வரவில்லை. தெரோனை ராட்சதன் என்றுதான் அவனும் மேலே சொல்லிக்கொண்டு திரிந்தான். சாணியில் வழுக்கி விழுந்தவனைக் குத்தினேன் என்று எவன் சொல்வான்? கல்லில் ஏறி நெஞ்சை நிமிர்த்தினான். செத்தவர்கள் கூட்டமாக வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு தெரோனுக்கு மரியாதையாக இடம் விட்டு நின்றார்கள். வழி கேட்க வந்ததே வீரனுக்கு மறந்துவிட்டது.

தெரோன் கல்லை ஒட்டி வந்து கிசுகிசுத்தான்.

"இன்னும் ஒரே ஒரு உதவி. நீங்களும் யாராவது பெரிய ஆளாப் பாத்து அவன் கையால சாவுங்க. சளி, காய்ச்சல்னு படுத்து வந்து சேந்தீங்கன்னா, அப்புறம் நான் இங்க தலைகாட்ட முடியாது."

வீரன் தலையாட்டினான். பாதாளத்துப் பனியில் வெகுநேரம் நின்றதில் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேரும் அவனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.