குதிரைக்குப் பேர் உண்டு

“ஏம்மா, குதிரை பேரு தெரியுது. அது மேல உக்காந்திருக்கிற ஆளு பேரு மட்டும் தெரியாதா?” என்று பகிசோ எழுந்தே விட்டார்.

ஆட்டுக்கு மயிர் வெட்டும் கொட்டகையில் ஊரே கூடியிருந்தது. பசோத்தோ மக்களின் மலை வாழ்க்கையைப் படமெடுக்க வந்து, மாதக்கணக்கில் இந்த ஊரையே சுற்றியவள் லிமகாட்சோ. தலைநகர் மசேருவில் நடக்கப்போகும் கண்காட்சிக்கான படங்களைச் சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் காட்டி, எந்தப் படத்தின் கீழ் யார் பெயர் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுச் சுவரில் விரலால் கோலம் இழைத்தவள், ஆடு மேய்த்தவன், சோளக்களி கிண்டியவள் என்று அத்தனை பேர் பெயரும் அவள் வாயில் தடங்கலில்லாமல் வந்தன. பனி மலை, போர்வை போர்த்திய பகிசோ, அவருடைய குதிரை என்று ஊரே ‘ஆகா’ போட்ட படம் வந்தபோது மட்டும், “இது செஃபாகோ. ஊரிலேயே வேகமான குதிரை” என்றுவிட்டு அடுத்த படத்துக்குத் தாவப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டு மொஹாபிக்குக் கேட்கவா வேண்டும்! “விடுப்பா, குதிரைக்குத்தான் மவுசு. மசேருக்காரங்க உன்னைச் சேணம்னு நெனச்சுக்குவாங்க” என்றார். கொட்டகையே சிரிப்பில் குலுங்கியது.

பகிசோவுக்கு மானமே போய்விட்டது. அந்தப் படத்துக்காக விடிகாலைக் குளிரில் பல் தந்தியடிக்க நின்றவர் அவர். மசேருவுக்குப் போய்ப் படத்தின் கீழ் தன் பெயரைப் பார்க்கவென்றே புதுத் தொப்பி வேறு வாங்கி வைத்திருந்தார், பாவம்.

“இன்னிக்கு நேத்து இல்ல, வந்த நாள்லேருந்து இவளுக்கு நான்னா இளக்காரம்! ஊரெல்லாம் வெறுந்தலையோட திரியறா. என் வாசலுக்கு வந்தா மட்டும் தலையில துணியைக் கட்டிக்கறா. எங்க வீட்டுப் புகை அவ்வளவு நாறுதா?”

கோபம் மகன் டூமோ பக்கம் திரும்பியது. மசேருவில் வாடகை வண்டி ஓட்டும் அவன்தான் அவளை ஏற்றி வந்தவன். “வேற சவாரியே கிடைக்கலையாடா உனக்கு?”

டூமோ தன் சட்டையில் ஒட்டியிருந்த ஆட்டு மயிரை ரொம்ப அக்கறையாகப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“இப்பவே, இத்தனை பேர் முன்னாடி என் பேரைச் சொல்லு. இல்லேன்னா என் படத்தை அழிச்சிடு!”

லிமகாட்சோ கேமராவைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் முன்னால் மண்டியிட்டாள். வெட்கமும் சிரிப்புமாக, தலை நிமிராமலே மெல்லச் சொன்னாள்.

“மாமனார் பேரை மருமக எப்படிங்க சொல்லுவா?”